நல்லடக்கம் என்று அடித்துவிட்டார்கள்

அத்தியாயம் 17

இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசாத மச்சாள், மூன்றாம் நாள் காலையில் கையில் கோப்பியோடு வந்து நின்றால் யாருக்குத்தான் மனம் இளகாது? பமீலாவுக்கும் இளகியது.

"குடி புள்ள. வெறும் வயித்தோட எவ்வளவு நேரத்துக்கு இருப்பாய்?" என்றாள் றொவீனா. சொன்னதோடு நிற்காமல் குனிந்து பமீலாவின் நெற்றியில் ஒரு முத்தமும் வைத்தாள்.

பமீலா கோப்பையை வாங்கிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கணவன் பேர்டி இறந்தபோதுகூட இப்படி அழவில்லை. அழ நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. செவ்வாய்க்கிழமை கராஜில் லொறிக்கு அடியிலிருந்து எழுந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. பிரேதத்தைப் பொறுப்பெடுக்கும் முன்னரே அங்கே சண்டை மூண்டதைப் போன கிழமை பார்த்தோம். தன்னை எரிக்கச் சொல்லித்தான் பேர்டி கேட்டிருக்கிறான் என்று பமீலா சொன்னதும், அவனுடைய அக்கா றொவீனாவுக்கு ஆத்திரத்தில் தலைகால் புரியவில்லை. டடாவும் மம்மாவும் சேமக்காலையில் புதைந்து கிடக்கிறார்கள், பக்கத்தில் தம்பிக்கென்று இடமும் கிடக்கிறது, இவனுக்கு மட்டும் என்ன நெருப்பு என்று கத்தினாள். பங்குத்தந்தை வந்து, தகனத்தைத் திருச்சபை தடுக்கவில்லை, சாம்பலை மட்டும் ஆசீர்வதித்த இடத்தில் வைக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்லியும் அவள் அசையவில்லை. ஒரே வளவுக்குள் அடுத்த வீட்டில் இருந்துகொண்டு, செத்த வீட்டில் பமீலா இருந்த பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அந்த றொவீனாதான் கோப்பி கொண்டு வந்திருக்கிறாள். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், பிள்ளைகளை மன்னித்துப் பழகிய மனம், எப்படியும் இறங்கி வந்துவிட்டது என்று பமீலா நினைத்தாள். இன்று பிற்பகல் மூன்றரை மணிக்குத் தகனசாலையில் நேரம் எடுத்தாயிற்று. இனித் தடை இல்லை.

"நான் ஒரு எட்டுப் போயிற்று வாறன். அங்க வேலை எந்த அளவில நிக்குது எண்டு பாக்கணும்" என்று றொவீனா குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். எங்கே, என்ன வேலை என்று பமீலா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எட்டரை மணி இருக்கும். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று டச்பார் வீதிக்குள் நுழைந்தது.

"டச்பாரைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட பேர்டி அவர்கள் செவ்வாய்க்கிழமை காலமானார். அன்னாரின் பூதவுடல் இன்று பிற்பகல் மூன்றரை மணியளவில் சேமக்காலையில் நல்லடக்கம் செய்யப்படும்."

பமீலா கையிலிருந்த கோப்பையை வைக்கக்கூட மறந்து படலைக்கு ஓடினாள். எதிர்ச் சுவரில் புதிதாக ஒட்டிய கண்ணீர் அஞ்சலி. பேர்டியின் படம், மேலே சிலுவை, கீழே தடித்த எழுத்தில் அதே சொல். நல்லடக்கம்.

மகன் டஸ்டினும் பின்னால் ஓடி வந்தான். இருபத்துமூன்று வயது. நேற்றுத்தான் கட்டாரிலிருந்து வந்து இறங்கியவன். சுவரொட்டியைப் பார்த்துவிட்டுத் தன் போனைத் திறந்து காட்டினான். 'மூன்றரைக்குத் தகனம் செய்யப்படும்' என்றுதான் அவன் அச்சகத்துக்கு அனுப்பியிருந்தான். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

பமீலா உடனே தகனசாலைக்குப் போன் எடுக்கச் சொன்னாள். அங்கே பொறுப்பாக இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். விடியக் கோவிலில் பூசை முடித்த கையோடு, பேர்டியின் சகோதரி என்று ஒரு ரீச்சர் வந்ததாகவும், சுவரொட்டியைக் காட்டி, வீட்டில் அடக்கம் என்று முடிவாகிவிட்டது, நேரத்தை வீணாக்காமல் வேறு யாருக்காவது கொடுங்கள் என்று எழுதிக் கையெழுத்து வைத்ததாகவும் சொன்னார். காத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு இன்னும் அறிவிக்கவில்லையாம்.

"ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேச்சு எண்டால் நாங்க பிரேதத்தைத் தொட மாட்டம், அம்மா. நீங்களும் அந்த ரீச்சரும் சேர்ந்து கையெழுத்து வச்ச கடிதம் பன்னிரண்டு மணிக்குள்ள வரணும். வராட்டி அந்த நேரம் மற்ற ஆக்களுக்குப் போயிரும். மறுகா சனிக்கிழமைதான்."

சனிக்கிழமை வரைக்கும் தாங்காது. உடலைப் பதப்படுத்தியவர் இன்று பின்னேரம்தான் எல்லை என்று முதலே சொல்லியிருந்தார்.

கோப்பியின் அர்த்தம் பமீலாவுக்கு இப்போதுதான் விளங்கியது. மச்சாள் மன்னிக்கவில்லை. சுவரொட்டியைப் பார்த்து, பமீலா மனம் மாறிவிட்டாள் என்று நினைத்துத்தான் முத்தம் வைத்திருக்கிறாள். பார்க்கப் போயிருக்கும் வேலை, சேமக்காலையில் குழி வெட்டும் வேலை.

பமீலா உள்ளே போய்ப் பெட்டியருகில் நின்றாள். பேர்டி வெள்ளைச் சேட்டும் கறுப்பு ரையுமாகக் கிடந்தான். நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அவளுக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. உன் ஆசையை என்னிடம் சொன்னாய், அதற்கான காரணத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சத்தியம் வாங்கினாய், இரண்டையும் என் தலையில் கட்டிவிட்டு நீ நிம்மதியாகப் படுத்துவிட்டாய் என்று மனதுக்குள் திட்டினாள்.

காரணம் இதுதான். இருபது வருடத்துக்கு முன்னர், நத்தார் பெருநாளுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடல் டச்பாருக்குள் வந்தது. பேர்டி, பமீலாவின் மூத்த பிள்ளை ஜெனிக்கு அப்போது ஐந்து வயது. பூசைக்குப் போகவென்று அவளைக் கையில் பிடித்துக்கொண்டு போனது றொவீனா. தண்ணீர் அடித்தபோது அந்தக் கை விடுபட்டுவிட்டது. றொவீனாவை ஒரு தென்னையில் தூக்கிப் போட்டது கடல். பிள்ளை கிடைக்கவே இல்லை.

கிடைக்கவில்லை என்றால் இருக்கிறாள் என்றுதான் றொவீனா சொல்வாள். அம்பாறையில் ஒரு வீட்டில் தங்களைப் போலவே பறங்கிச் சாயலில் ஒரு பிள்ளை வளர்கிறதாம் என்று யாராவது சொன்னால் போதும், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். கல்யாணம் செய்யாதவள், ஜெனியைத் தன் மடியிலேயே வளர்த்தவள். இப்போது பிள்ளைக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும் என்று போன மாதமும் கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

ஆனால் பேர்டிக்குத் தெரியும். கடல் வற்றிய மூன்றாம் நாள், மண் அள்ளும் பெக்கோ மெசின் ஓட்ட ஆள் இல்லையென்று அவனைக் கூப்பிட்டார்கள். பெரிய குழி வெட்டி, பெயர் தெரியாத உடல்களை அதற்குள் இறக்கினான். அந்த இரும்புக் கை ஒருமுறை மேலே எழும்பியபோது, ஒரு சின்னச் சட்டை கண்ணில் பட்டது. நத்தாருக்கு றொவீனா தைத்த சட்டை. அவன் மெசினை நிற்பாட்டவில்லை. நிற்பாட்டியிருந்தால் பமீலா வந்து அந்தக் கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். மெசினால் எவ்வளவு மெதுவாக இறக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக இறக்கினான். பிறகு அவனே மண்ணைத் தள்ளி மூடினான்.

இதைப் பமீலாவிடம் அவன் சொன்னது போன வருடம்தான். லொறிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தான். அவள் தேத்தண்ணியோடு நின்றாள். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. இந்தச் சாவியை எடு, அந்தச் சாவியை எடு என்று கேட்கிற அதே குரலில் முழுவதையும் சொன்னான். கடைசியில், "நான் அவளுக்கு மேல மண் போட்டன். எனக்கு மேல ஒருத்தரும் மண் போட வேணாம். என்னை எரிச்சிரு. ஒருத்தருக்கும் சொல்லிராத, அக்காவுக்குத் தெரியவே கூடாது, அவ உயிரோட இருக்கிறதே அந்த நினைப்பிலதான்" என்றான்.

பமீலா சத்தியம் செய்தாள். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.

ஒன்பதரை மணிக்கு, காத்தான்குடியிலிருந்து அச்சகக்கார சரீப் வந்தார். பேர்டியின் பழைய சினேகிதர். அவருடைய அச்சு மெசின் நின்றுபோகும் போதெல்லாம் பேர்டிதான் போய்த் திருத்திக் கொடுப்பான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படலையில் நின்றவரை, டஸ்டின் கராஜுக்குள் இழுத்துக்கொண்டு போகாத குறைதான். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். தான் அனுப்பியது என்ன, அவர் அடித்தது என்ன என்று கேட்டான்.

சரீப் தகனம் என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்துப் பிழை இல்ல மகன். நான்தான் மாத்தினன். வேதக்கார ஊடு, எப்பவும் அடக்கம்தானே, புள்ள வெளிநாட்டில இருந்து வந்த அவசரத்தில மாறி அனுப்பிற்று எண்டு நினைச்சன்." போனைக் கையால் விலக்கினார். "அதுவும் முழு உண்மை இல்ல. பேர்டிட பேருக்குக் கீழ தகனம் எண்ட சொல்ல அடிக்க எனக்குக் கை வரல்ல."

டஸ்டினுக்கு விளங்கவில்லை. பமீலாவுக்கு விளங்கியது. கொரோனா காலத்தில் சரீப்பின் வாப்பா மௌத்தானார். நோயில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று சட்டம் இருந்த மாதங்கள் அவை. சரீப் யார் யாருடைய காலிலோ விழுந்தார். ஒன்றும் நடக்கவில்லை. நோய்க்குப் பயந்து ஒருவரும் கிட்ட வராத நேரத்தில், தன் வேனில் சரீப்பை ஏற்றிக்கொண்டு, எரிக்கிற தூரத்து ஊருக்குப் போனது பேர்டி. வெளிவாசலில் சரீப்பின் தோளைப் பிடித்தபடி நின்றதும் அவன்தான். சாம்பலை வந்து வாங்கச் சொன்னபோது சரீப் போகவில்லை. அது வாப்பா இல்லை என்று சொல்லிவிட்டார்.

அந்த மனிதரை எப்படித் திட்டுவது? ஆனால் பமீலாவுக்குத் திட்டாமலும் இருக்க முடியவில்லை.

"உங்கட வாப்பா வேணாமெண்டதை அவருக்குச் செய்தாங்க, நானா. என்ட மனுசன் வேணுமெண்டு கேட்டது இப்ப நடக்காமல் போகப் போகுது. இதில எது பெரிய பாவம் எண்டு நீங்களே சொல்லுங்க."

சரீப் தொப்பியைப் போட்டுக்கொண்டு, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு மணி வரை என்றாள். அவர் ஆட்டோக்காரனைத் தேடிக்கொண்டு போனார். டஸ்டின் தகனசாலைக்குப் போய் இருவர் கையெழுத்து வைக்க வேண்டிய படிவத்தை வாங்கி வர, மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

பமீலா றொவீனாவுக்கு நாலு தரம் எடுத்தாள். போன் அடித்தது, எடுக்கவில்லை. மச்சாளுக்குப் போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு மறக்கிற வழக்கம் உண்டு. செத்த வீட்டில் பெட்டியை விட்டுவிட்டுத் தானே சேமக்காலைக்கு ஓடுவதா என்று யோசித்து, ஓடத்தான் வேண்டும் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மறுபடியும் ஒலிபெருக்கி கேட்டது.

இந்த முறை பதிவு செய்த குரல் இல்லை. சரீப்பே பேசினார்.

"முன்னர் அறிவித்ததில் பிழை. பிழை என்னுடையது. பேர்டி அவர்களின் பூதவுடல் இன்று மூன்றரை மணிக்கு..." அந்த இடத்தில் குரல் நின்றது. ஆட்டோவின் இரைச்சல் மட்டும் கேட்டது. "...தகனம் செய்யப்படும்" என்றார்.

அந்தச் சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாடு வீதியெல்லாம் கேட்டது. சேமக்காலையிலும் கேட்டிருக்கிறது. கால் மணி நேரத்தில் றொவீனா வந்து சேர்ந்தாள். குடையை எங்கேயோ விட்டுவிட்டாள். செருப்பெல்லாம் குழியோரத்து மண்.

செபமாலை சொல்லிக்கொண்டிருந்த சனம் நிறுத்திவிட்டது. றொவீனா அவர்களைப் பார்க்கவில்லை. என்னை வைத்து விளையாடினாயா என்று பமீலாவைக் கேட்டாள். கோப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, முத்தத்தையும் வாங்கிக்கொண்டு, பின்னால் இந்த வேலை பார்த்தாயா என்று கேட்டாள். எனக்கே தெரியாது மச்சாள், அச்சடித்ததில் நடந்த பிழை என்று பமீலா சொல்லச் சொல்ல அவள் காதில் ஏறவில்லை. அந்த நேரம் பார்த்து டஸ்டின் படிவத்தோடு வந்து நின்றான். படிவத்தைப் பார்த்ததும் றொவீனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் வைக்க மாட்டன். பிழையா அடிச்சதோ சரியா அடிச்சதோ, குழி வெட்டியாச்சு. ஆண்டவர்தான் அந்தச் சொல்லை மாத்தினவர்."

பதினொன்று பத்து.

பமீலா கும்பிட்டாள், கெஞ்சினாள். அவர் கேட்டது இந்த ஒன்றுதான் மச்சாள் என்றாள். அவன் எதற்காக இதைக் கேட்டான், ஏன் என்னிடம் சொல்லவில்லை, நான் அவனைத் தூக்கி வளர்த்தவள் இல்லையா என்று றொவீனா திருப்பிக் கேட்டாள். பமீலாவிடம் பதில் இருந்தது, சொல்ல முடியவில்லை. டஸ்டின் தாயைப் பார்த்தான். அவனுக்கும் காரணம் தெரியாது. ஒரு கட்டத்தில் அவனே, "மம்மி, அன்ரி சொல்ற மாதிரியே செய்வமே. டடிக்கு இனி என்ன தெரியப் போகுது?" என்றான்.

அதுதான் பமீலாவால் தாங்க முடியாமல் போனது. பெற்ற பிள்ளையும் கைவிட்டால், பேர்டிக்கு இந்த உலகத்தில் யார்? முகத்தில் மண் விழுகிற ஓசையை இருபது வருடம் காதில் வைத்துக்கொண்டு திரிந்த மனிதன் அவன். போர்வையைக்கூட நெஞ்சுக்கு மேலே இழுக்க விடமாட்டான்.

அவள் றொவீனாவின் கையைப் பிடித்து உள் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். டஸ்டினையும் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"மச்சாள், ஜெனி கிடைச்சவள்" என்றாள்.

றொவீனாவின் முகத்தில் ஒரு கணம் வந்த வெளிச்சத்தைப் பமீலா சாகும்வரை மறக்கப் போவதில்லை. "எங்க? ஆர் வச்சிருக்கிறாங்க?" என்று கேட்டாள் அந்த மனுசி.

அதற்குப் பிறகு சொல்லத்தான் வேண்டியிருந்தது. பெக்கோ மெசின், குழி, சட்டை, மண். பமீலா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மச்சாளின் முகத்தைப் பார்த்திருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பாள். டஸ்டின் கதவில் சாய்ந்தபடி மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

றொவீனா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சட்டை கிழிஞ்சிருந்ததாமா?" என்று கேட்டாள் றொவீனா.

"இல்லையாம்."

"அது நல்ல துணி" என்றாள். பிறகு படிவத்தைக் கேட்டாள். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முப்பத்தைந்து வருடம் வரவுப் பதிவில் வைத்த அதே ஒழுங்கான கையெழுத்தை வைத்தாள். அதற்குக் கீழே பமீலாவும் வைத்தாள்.

டஸ்டின் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினான். போகும்போது அத்தையின் தோளைத் தொட்டான். மோட்டார் சைக்கிள் பாலத்துப் பக்கமாகப் போகும் சத்தம் கேட்டது. பதினொன்றரை. போய்ச் சேர்ந்துவிடுவான். பமீலா வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். காப்பாற்றுவதற்காக இன்னொன்றை உடைத்தும் விட்டாள்.

றொவீனா கட்டிலின் ஓரத்தில் இருந்து எழும்பினாள்.

"எந்த இடம், பமீலா? மூன்றரைக்கு முதல் போயிற்று வந்திருவம். ஒரு செபமாவது சொல்லணும் புள்ளைக்கு."

பமீலா அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவர் சொல்லல்ல, மச்சாள். நானும் கேக்கல்ல. கேட்டால் போய் நிக்கச் சொல்லும் மனசு. நான் அங்க போய் நிண்டால் உங்களுக்கும் தெரிஞ்சிரும் எண்டு பயந்து கேக்காமல் விட்டுட்டன்."

கடலோரம் நெடுக எத்தனை குழிகள் வெட்டினார்கள் என்று அன்று எண்ணியவர்கள் இல்லை. இப்போது அவற்றின் மேல் சவுக்கு நட்ட இடமும் உண்டு, வீடு கட்டிய இடமும் உண்டு.

றொவீனா முன் அறைக்கு நடந்தாள். சனம் வழிவிட்டது. பெட்டியின் தலைமாட்டில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தம்பியின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"பேர்டி, எங்கயடா வச்சாய் அவளை?"

களவாக எதையோ ஒளித்து வைத்த மாணவனிடம் கேட்கிற குரல். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். மறுபடியும் கேட்டாள். யாரோ ஒரு பெண் அவளைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். றொவீனா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

பமீலா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பதில் தெரிந்த ஒரே வாயை மூன்றரை மணிக்கு நெருப்பில் வைப்பதற்குத்தான் அவள் காலையிலிருந்து இவ்வளவு பாடும் பட்டிருக்கிறாள்.

"இன்னும் நேரம் கிடக்கு, சொல்லு" என்றாள் றொவீனா.